தாங்குவதும் மறைப்பதும்

குமாவோன் மலைகளுக்குச் செல்லும் ரயில்பாதை காத்கோதாமில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து அல்மோராவிற்கு மலைச்சாலைதான் வழி. பீம்தால் வழியாகப் பவாலிவரை ஏறிச் செல்லும் அந்தச் சாலை, அதன்பின் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கத் தொடங்குகிறது. சிறிது தொலைவில் கைஞ்சி என்னும் சிற்றூர். ‘கைஞ்சி’ என்றால் ஹிந்தியில் கத்தரிக்கோல். அங்கே சாலை அடுத்தடுத்து இரண்டு கூர்மையான வளைவுகளாகத் திரும்புவதால் ஊருக்கு அந்தப் பெயர் அமைந்தது. அதற்கப்பால் கரம்பானி, பிறகு கோசி நதியை ஒட்டிய காக்ரிகாட், அதற்கும் அப்பால் அல்மோரா. 1890-ஆம் ஆண்டு, பெயர் அறியப்படாத பரிவிராஜகத் துறவியாக சுவாமி விவேகானந்தர் கால்நடையாகச் சென்ற மலைநாடு அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதம், டில்லியைச் சேர்ந்த அன்பர்கள் ஒன்பது பேர் அந்தச் சாலையில் சைக்கிளில் புறப்பட்டனர். அல்மோரா சென்று, அங்கிருந்து மாயாவதி அத்வைத ஆசிரமம்வரை போய்த் திரும்புவது அவர்களது திட்டம். குழுவில் மூத்தவர் 56 வயதான ஒரு வங்கி அதிகாரி. வெள்ள நிவாரணப் பணியானாலும் விழா நாட்களின் அன்னதானமானாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர். பந்தியில் எத்தனை பேர் அமர்ந்தாலும் அவர் பரிமாறிக்கொண்டே இருப்பார். தாம் மட்டும் உட்காரமாட்டார். எல்லோரும் சென்றபின் சமையற்கட்டின் ஒரு மூலையில் நின்றபடியே இரண்டு கவளம் உண்டுவிட்டு, பாத்திரம் துலக்கப் போய்விடுவார். ‘யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது’ என்பது அவர் அடிக்கடி கூறும் வார்த்தை.

இரண்டாம் நாள் காலை, பவாலியிலிருந்து இறக்கம். அவருக்கு முன்னால் கல்லூரி மாணவன் ஒருவன் சென்றுகொண்டிருந்தான். கைஞ்சியைத் தாண்டிய ஒரு வளைவில், மலைச்சரிவிலிருந்து உதிர்ந்த கற்கள் சாலையில் பரவிக் கிடந்தன. அவற்றைக் கண்டதும் மாணவன் சட்டென்று பிரேக் பிடித்தான். பின்னால் மிக நெருங்கி வந்துகொண்டிருந்த அன்பர், மோதலைத் தவிர்ப்பதற்காக முன்சக்கரத்தின் பிரேக்கை இறுகப் பிடித்தார். சக்கரம் நின்றது, உடல் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டு, வலத்தோள் தரையில் மோத விழுந்தார்.

மற்றவர்கள் ஓடிவந்து சூழ்வதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். ஆடையிலிருந்த புழுதியைத் தட்டியபடியே சிரித்து, “ஒன்றுமில்லை, புறப்படலாம்” என்றார். குழுவின் தலைவர், “கையைத் தூக்க முடிகிறதா?” என்று கேட்டார். “முடிகிறது” என்றார், தூக்கிக் காட்டவில்லை. அவரது இயல்பை அறிந்தவர்கள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ‘என்ன மனவலிமை!’ என்று ஒருவர் வியந்து கூறவும் செய்தார்.

அடுத்த பத்துக் கிலோமீட்டர் தூரத்தையும் அவர் ஒற்றைக் கையால் ஓட்டினார். வலக்கை மடிமேல் கிடந்தது. முன்சக்கரத்தின் பிரேக் வலக்கைப் பிடியில் இருந்ததால் அதை அவரால் பயன்படுத்த முடியவில்லை. இறக்கத்தில் பின்சக்கரத்தின் பிரேக் ஒன்றையே நம்பிச் சென்றார். கரம்பானியை நெருங்கும் ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் சறுக்க, சைக்கிள் சாலையின் குறுக்கே திரும்பியது. எதிரே ஒரு ஜீப் வந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் வந்த பெண்மணி அவர்மீது மோதாமலிருக்கப் பள்ளத்தின் பக்கமாகத் திருப்பி, விளிம்புச் சுவரில் உரசி நின்றார். அந்த இடத்தில் சுவர் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எல்லோரும் ஒரே கணத்தில் உணர்ந்தனர். யாரும் பேசவில்லை.

அன்பர் சாலையோரத்தில் உட்கார்ந்தார். முகம் வெளுத்து வியர்த்தது. சட்டையை விலக்கிப் பார்த்தபோது, கழுத்திற்கும் தோளுக்கும் இடையே எலும்பு தோலை உந்திக்கொண்டு மேலெழுந்து நின்றது. காறை எலும்பு முறிந்திருந்தது.

பொறுமையா, பெருமையா?

சைக்கிளிலிருந்து தோள் அடிபடும்படி விழுவோருக்குக் காறை எலும்பு முறிவது அடிக்கடி நேர்வதுதான். பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைகூடத் தேவைப்படுவதில்லை. கையைத் தூளியில் தாங்கவைத்துச் சில வாரங்கள் அசையாமல் காத்தால் கூடிவிடும். ஆகவே மருத்துவரின் பார்வையில் அது பெரிய விபத்து அல்ல. ஆனால் ஆன்மிக சாதகனுக்கு அந்தப் பத்துக் கிலோமீட்டர் பெரியதொரு கேள்வியை எழுப்புகிறது. அந்த அன்பர் செய்தது பொறுமையா? துன்பத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று சாஸ்திரங்கள் கூறுகின்றன அல்லவா? அதைத்தானே அவர் செய்தார்?

சகிப்புத்தன்மையை நம் சாஸ்திரங்கள் ‘திதிக்ஷை’ என்று அழைக்கின்றன. ஞானத்தை நாடுபவனிடம் இருக்கவேண்டிய ஆறு செல்வங்களுள் அது ஒன்று. புலன்கள் பொருட்களுடன் தொடர்புகொள்வதால் வரும் இன்பதுன்பங்கள் வந்து போகும் இயல்புடையவை, நிலையற்றவை, அவற்றைத் தாங்கிக்கொள் என்று கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் அர்ஜுனனுக்கு உபதேசிக்கிறார். மரபு ஆதிசங்கரருக்கு உரியதாகக் கொள்ளும் விவேகசூடாமணி, இன்னும் கடுமையான இலக்கணம் ஒன்றைத் தருகிறது. எல்லாத் துன்பங்களையும், அவற்றிற்கு மாற்றுத் தேடாமலும், கவலையும் புலம்பலும் இல்லாமலும் பொறுத்துக்கொள்வதே திதிக்ஷை என்பது அதன் கருத்து.

இந்த இலக்கணத்தை மேலோட்டமாகப் படிப்பவர், முறிந்த எலும்போடு சைக்கிள் ஓட்டியவரைத் திதிக்ஷையின் உதாரணமாகக் கருதக்கூடும். அவர் மாற்றுத் தேடவில்லை, புலம்பவும் இல்லை. ஆனால் இலக்கணத்தின் இதயமான ஒன்று அங்கே இல்லை. கவலையின்மை இல்லை. ‘என்னால் பயணம் நின்றுவிடுமோ, என்னைப் பலவீனன் என்று நினைத்துவிடுவார்களோ, மற்றவர்களுக்கு நான் பாரமாகிவிடுவேனோ’ என்று அவரது மனம் வழி முழுவதும் கொதித்துக்கொண்டிருந்ததைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். வாய் மௌனமாக இருந்தது. உள்ளம் ஓயாமல் பேசியது. உடலின் வலியைவிட, பிறர் கண்ணில் தமது உருவம் குலைந்துவிடும் என்ற அச்சமே அவரை அதிகம் வாட்டியது. அந்த அச்சத்திற்கு அவர் தேடிய மாற்றுதான் அந்தச் சிரிப்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘கையைத் தூக்க முடிகிறதா?’ என்ற கேள்விக்கு ‘முடிகிறது’ என்று அவர் கூறியது உண்மையல்ல. எந்தப் பெரிய நற்பண்பும் பொய்யின்மீது நிற்க முடியாது. தனியாகச் செல்பவன் தன் வலியை மறைத்தால் அதன் விளைவு பெரும்பாலும் அவனோடு முடிந்துவிடலாம். குழுவாகச் செல்பவர்களின் நிலை வேறு. சாலையில் குழி இருந்தால் முன்னால் செல்பவர் கைகாட்டிப் பின்னால் வருபவருக்கு உணர்த்துகிறார். அவர் அடுத்தவருக்கு உணர்த்துகிறார். அந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரது கண்ணும் மற்றவருக்கும் கண்ணாகிறது. அங்கே ஒருவரது உடல்நிலை அவரது தனிச்சொத்து அல்ல. தம்மால் பிரேக் பிடிக்க முடியாது என்பதை மறைத்தவர், சாலையில் இருக்கும் குழியை மறைத்தவரே ஆகிறார். தமது வலியைத் தாமே தாங்கியதாக அந்த அன்பர் நினைத்தார். அதன் ஒரு பங்கை, எதுவும் அறியாத ஒரு பெண்மணி பள்ளத்தின் விளிம்பில் தாங்கவேண்டியிருந்தது.

காயம்பட்ட முதல் சில நிமிடங்களில் உடல் தன் வலியைத் தானே ஓரளவு அடக்கிவைப்பது உண்டு. ஆபத்திலிருந்து தப்புவதற்காக இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு அது. ஆகவே விழுந்து எழுந்த உடனே ‘ஒன்றுமில்லை’ என்று கூறுபவர் சில வேளைகளில் பொய் சொல்வதில்லை, அவருக்கே தெரிவதில்லை. அந்நேரத்தில் சிறிது நின்று, அமர்ந்து, பிறர் சோதிக்க இடம் கொடுப்பதும் விவேகத்தைச் சேர்ந்ததே. சாட்சியாக நின்று உடலைப் பார்க்கப் பழகுபவன், உடல் கூறும் செய்தியைத் திரித்துச் சொல்லமாட்டான். சாட்சிக்கு மறைக்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

துணியால் மூடப்பட்ட கை

இந்தக் கேள்விக்கு ஒளி தரும் நிகழ்ச்சி ஒன்று ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்க்கையில் உள்ளது. 1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், தட்சிணேசுவரத்தில் சவுக்குத் தோப்பை நோக்கிச் சென்றபோது குருதேவர் பரவச நிலையில் கீழே விழுந்தார். உடன் யாரும் இல்லை. இடக்கையில் எலும்பு பிசகியது. பிப்ரவரி 2-ஆம் நாள் ‘ம’ என்னும் மகேந்திரநாத் குப்தர் அவரைக் காண வந்தபோது, கையில் வைத்துக் கட்டுவதற்காகச் சிம்பும் துணியும் கொண்டுவந்தார்.

அந்நாட்களில் குருதேவருடன் இருந்த இளைஞர் ராக்கால், பின்னாளில் சுவாமி பிரம்மானந்தர் ஆனவர், அந்தக் காயத்தை மற்றவர்கள் அறியாமல் மறைக்க விரும்பினார். இத்தகைய மகானுக்கு இப்படியும் நேருமா என்று யாரேனும் குறைகூறிவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு. ஆகவே கையைத் துணியால் மூடிவைப்பார். மருத்துவரைத் தனியே அழைத்துச் சென்று மெல்லிய குரலில் விவரம் கூறுவார். குருதேவரோ அதற்கு நேர்மாறாக, எல்லோர் காதிலும் விழும்படி மருத்துவரைப் பெயர் சொல்லிக் கூவி அழைத்து, கை உடைந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று கூறிவிட்டார். தாமே பின்னர் இதை எடுத்துச் சொல்லவும் செய்தார்.

ராக்காலின் செயலில் இருந்தது தூய அன்பு; அதில் ஐயமில்லை. ஆனால் குருதேவரிடம் மறைப்பதற்கு எதுவும் இல்லை. காப்பாற்றவேண்டிய பெயர் ஒன்று தமக்கு இருப்பதாக அவர் எண்ணவே இல்லை. குழந்தை விழுந்தால் அடிபட்ட இடத்தைத் தாயிடம் காட்டுகிறது. காட்டுவதால் தன் மதிப்பு குறையும் என்று அது நினைப்பதில்லை. கை வலித்தபோது வலிக்கிறது என்றார். கட்டுப்போட வந்தவரிடம் கையை நீட்டினார். மறுகணம் இறைவனைப்பற்றிய பேச்சில் கை இருப்பதையே மறந்தார். வலியை மறைக்கும் முயற்சியில் ஈடுபட்டிருக்கும் மனத்தால் அப்படி மறக்க முடியாது. மறைப்பவன் எப்போதும் மறைக்கும் பொருளையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

சிகிச்சையை நாடுவது திதிக்ஷைக்கு எதிரானதா என்ற ஐயத்திற்கும் இங்கே விடை கிடைக்கிறது. குருதேவரின் நேர்ச் சீடரான சுவாமி துரியானந்தர் நீரிழிவு நோயால் நெடுங்காலம் துன்புற்றார். ராஜபிளவைக் கட்டிக்கு மயக்கமருந்து இல்லாமலே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர். அதைக் கேட்போர் அவரது சகிப்புத்தன்மையை வியக்கிறார்கள், அது வியப்பிற்குரியதே. ஆனால் அவர் கட்டியை மறைத்து வைக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். மருத்துவர் வந்தார், அறுத்தார், அவர் உடலை ஒப்படைத்தார். மருத்துவருக்குரியதை மருத்துவரிடம் விட்டுவிட்டு, மனத்தை ஆன்மாவில் நிறுத்தினார். சாஸ்திரம் ‘மாற்றுத் தேடாமல்’ என்று கூறுவது, ‘இந்தத் துன்பம் நீங்கினால்தான் எனக்கு அமைதி’ என்று அதன் பின்னால் ஓடாத மனநிலையைத்தான் என்பதை இத்தகைய வாழ்க்கைகள் நமக்குக் காட்டுகின்றன. கீதையில் ‘தாங்கிக்கொள்’ என்ற சொல்லைக் கேட்ட அர்ஜுனனும் கைகட்டி உட்காரவில்லையே; தான் செய்யவேண்டியதைச் செய்யத்தானே எழுந்தான்?

இரண்டாவது அம்பு

அந்த அன்பரைக் காய்கறி ஏற்றிச் சென்ற ஒரு வண்டியில் ஹல்த்வானிக்கு அழைத்துச் சென்றனர். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, கையைத் தூளியில் இட்டுக் கட்டினர். அதுவரை வாய் திறவாமல் இருந்தவர் இப்போது வேறொன்றைத் தொடங்கினார். “எல்லாருடைய பயணத்தையும் கெடுத்துவிட்டேன். நான் வந்திருக்கவே கூடாது. இந்த வயதில் எனக்கு இது தேவைதானா?” என்று திரும்பத் திரும்பக் கூறினார். உடன் வந்தவர்கள் ஆறுதல் கூறக்கூற அந்த வார்த்தைகள் பெருகினவே தவிரக் குறையவில்லை.

சம்யுத்த நிகாயத்தில் பகவான் புத்தர் கூறும் உவமை ஒன்று உண்டு. துன்பம் நேரும்போது பயிற்சியற்ற மனிதன் இரண்டு அம்புகளால் தாக்கப்படுகிறான். முதல் அம்பு உடலில் தைக்கிறது. அதைக் குறித்த வருத்தமும் மனக்கொதிப்பும் இரண்டாவது அம்பாக உள்ளத்தில் தைக்கின்றன. பயிற்சி பெற்றவனுக்கு முதல் அம்பு மட்டுமே. கரம்பானிச் சாலையில் முதல் அம்பை எய்தவை மலைக்கற்கள். இரண்டாவதைத் தம்மேல் தாமே எய்துகொண்டார் அந்த அன்பர். முதலில் மறைப்பதன் மூலமாக, பிறகு புலம்புவதன் மூலமாக.

மறைத்தலும் புலம்பலும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. ‘நான் விழக்கூடாதவன்’ என்று அகங்காரம் முதலில் கூறுகிறது. விழுந்தது வெளிப்பட்டதும் ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்று அதே அகங்காரம் கூறுகிறது. இரண்டு வாக்கியங்களிலும் ‘நான்’ நடுவில் அமர்ந்திருக்கிறது. திதிக்ஷை இவ்விரண்டிற்கும் இடையே மிக எளிய ஒரு பாதையைக் காட்டுகிறது. நேர்ந்ததை நேர்ந்தபடி, அறியவேண்டியவரிடம் ஒருமுறை சொல்வது. செய்யவேண்டிய சிகிச்சையைச் செய்ய விடுவது. எஞ்சிய வலியை இறைவனிடமிருந்து வந்ததாக ஏற்றுத் தாங்குவது. கேட்பதற்கு எளியது. பழக்கத்தில்தான் இதன் கடினம் தெரியும்.

வாங்கிக்கொள்ளும் சாதனை

கரம்பானியில், வண்டி வருவதற்குமுன் ஒன்று நிகழ்ந்தது. தேநீர்க்கடையில் இருந்த மூதாட்டி தமது தலைத்துணியை மடித்துக் கொடுக்க, அதைத் தூளிபோல் கழுத்தில் கட்டிக் கையைத் தாங்கவைத்தனர். பிறகு அந்தப் பெண்மணி கொடுத்த தேநீரை மாணவன் வாங்கி அன்பரின் உதட்டருகே கொண்டுசென்றான். “நானே குடித்துக்கொள்வேன்” என்று அவர் இடக்கையை நீட்டினார். கை நடுங்கித் தேநீர் சிந்தியது. மீண்டும் முயன்றார், மீண்டும் சிந்தியது. “ஐயா, இந்த ஒரு தடவை” என்றான் மாணவன். அவன் கண்கள் கலங்கியிருந்தன. சிறிது நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தவர், பின்பு வாயைத் திறந்தார்.

ஆயிரக்கணக்கானோருக்கு உணவு பரிமாறியவருக்கு ஒரு மிடறு தேநீரைப் பிறர் கையிலிருந்து பெற்றுக்கொள்வது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது? சேவை செய்பவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கொடுப்பவனின் கை மேலே இருக்கிறது, வாங்குபவனின் கை கீழே இருக்கிறது. எப்போதும் மேலேயே இருந்து பழகிய கை, சேவையின் பெயரால் தன்னையே உயர்த்திக்கொண்டிருக்கக் கூடும். அது கொடுப்பவனுக்கே தெரியாமல் நிகழக்கூடும். ‘யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது’ என்பது அழகான கொள்கைதான். ஆனால் அதன் அடியில், ‘எனக்கு யாரும் தேவையில்லை’ என்ற எண்ணம் ஒளிந்திருந்தால் அந்தக் கொள்கையைச் சோதித்துப் பார்க்கும் நேரம் ஒருநாள் வந்தே தீரும்.

அதே சாலை சென்று சேரும் அல்மோராவின் அருகில்தான், 1890-ஆம் ஆண்டு சுவாமி விவேகானந்தர் பசியாலும் களைப்பாலும் நடக்க முடியாமல் தரையில் சாய்ந்தார். உடன் வந்த சுவாமி அகண்டானந்தர் தண்ணீர் தேடிச் சென்றிருந்தார். எதிரே இருந்த இடுகாட்டைக் காத்துவந்த முஸ்லிம் பக்கீர் ஒருவர் அவரைக் கண்டு, தம்மிடமிருந்த வெள்ளரிக்காயைக் கொண்டுவந்தார். தாம் முஸ்லிம் என்பதால் ஊட்டத் தயங்கினார். சுவாமிஜி அந்தத் தயக்கத்தை ஏற்கவில்லை. அவர் கையாலேயே பெற்று உண்டார். பின்னாளில் அந்த வெள்ளரிக்காயே தமது உயிரைக் காத்தது என்று கூறினார். 1897-இல் உலகப் புகழுடன் அல்மோராவிற்கு வந்து வரவேற்கப்பட்டபோது, கூட்டத்தில் நின்ற அந்தப் பக்கீரை அடையாளம் கண்டு மரியாதை செய்தார். சுவாமிஜி விழுந்த அந்த இடத்தில் இன்று நினைவு மண்டபம் ஒன்று உள்ளது.

வலிமை, வலிமை என்று முழங்கியவர் சுவாமிஜி. அவரே ஒருநாள் தரையில் கிடந்து, முன்பின் அறியாத ஏழை ஒருவரின் கையிலிருந்து உணவைப் பெற்றார். அந்த நிகழ்ச்சியை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காக நாணவும் இல்லை. இவ்விரண்டிற்கும் முரண்பாடு இல்லை என்பதை உணர்வதற்கு, வேதாந்தம் எந்த வலிமையைப்பற்றிப் பேசுகிறது என்பதை அறியவேண்டும். பிறர் துணையின்றித் தனித்து நிற்கும் தனிமனிதனின் வலிமையை அது பேசவில்லை. உடலோடும் பெயரோடும் கூடிய தனிமனிதன் ஒவ்வொரு மூச்சிலும் பிறரைச் சார்ந்தே வாழ்கிறான். உழவனின் கை, தாயின் கை, சாலை போட்டவனின் கை என்று எத்தனையோ கைகள் அவனைத் தாங்குகின்றன. எதையும் சாராதது ஆன்மா ஒன்றுதான். அந்த ஆன்மா என்னுள் மட்டும் இருப்பதன்று. கொடுப்பவனுள்ளும் அதுவே இருக்கிறது. துன்புறுவோரில் இறைவனைக் கண்டு தொண்டு செய்யவேண்டும் என்று கற்றிருக்கிறோம். அப்படியானால், தொண்டு செய்ய வருபவரிடமும் அதே இறைவனைக் காணவேண்டும் அல்லவா? ஊட்ட வரும் கையைத் தள்ளுவது, பூஜைக்கு வந்தவரைக் கோயில் வாசலிலேயே திருப்பி அனுப்புவது போன்றது.

காயம்படாதவனின் காயம்

அந்த விபத்தில் காயம்பட்டவர் ஒருவர் மட்டும் அல்ல. ‘நான் சட்டென்று பிரேக் பிடித்ததால்தானே’ என்று மாணவன் உள்ளுக்குள் உடைந்துபோயிருந்தான். அவனுக்கு எலும்பு முறியவில்லை. ஆகவே அவனைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இதற்கிடையே குழுவில் ஒருவர், “எல்லாம் அவரவர் பிராரப்தம்” என்று கூறினார். ஆறுதலாக நினைத்துத்தான் கூறினார். ஆனால் அந்தச் சொல் அங்கே இருந்த இருவரில் எவருக்கும் மருந்தாகவில்லை.

கர்மக் கொள்கையை எந்த இடத்தில் பயன்படுத்துவது என்பதில் மிகுந்த கவனம் தேவை. தனக்குத் துன்பம் வரும்போது, பிறரைப் பழிக்காமல் அதை ஏற்றுக்கொள்ள அது துணைசெய்கிறது. அங்கே அது மருந்து. பிறருக்குத் துன்பம் வரும்போது ‘அது அவர் கர்மம்’ என்று கூறினால், நம் கடமையிலிருந்து நழுவ அது சாக்காகிவிடுகிறது; அங்கே அது நஞ்சு. 1897-இல் கல்கத்தாவில் ஒரு பிரச்சாரகர், பஞ்சத்தில் மக்கள் மடிவது அவர்களது கர்மத்தின் பலன் என்று வாதிட்டபோது, சுவாமிஜி அந்த வாதத்தைக் கடுமையாக மறுத்ததை அவரது உரையாடல்களைப் படித்தவர்கள் அறிவார்கள்.

மாணவனின் மனக்காயத்தை ஆற்றும் மருந்து ஒருவரிடம்தான் இருந்தது. ஹல்த்வானியில் புலம்பல் ஓய்ந்த பிறகு, அன்று மாலை அன்பர் அவனை அருகில் அழைத்தார். “கல்லைக் கண்டால் பிரேக் பிடிக்கத்தான் வேண்டும், நீ செய்தது சரி. இறக்கத்தில் உனக்குப் பின்னால் போதிய இடைவெளி விடாமல் வந்தது என் தவறு. விழுந்தபின் உண்மையைச் சொல்லாதது அதைவிடப் பெரிய தவறு” என்றார். ‘பரவாயில்லை, மன்னித்துவிட்டேன்’ என்று அவர் கூறியிருந்தால் மாணவன்மீது குற்றம் நிலைத்திருக்கும். மன்னிப்பதைவிட உண்மையைச் சொல்வது அங்கே பெரிய கருணையாக இருந்தது. பின்னால் வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்ற பெண்மணியிடமும் அவர் தொலைபேசியில் பேசினார். காலையில் ‘முடிகிறது’ என்று கூறிய நாவு, மாலையில் அந்த ஒரு சொல்லைத் திருத்திக்கொண்டது.

மற்றவர்கள் பயணத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற கேள்வியும் எழுந்தது. துன்புற்றவரை விட்டுச் செல்வது அன்பாகுமா என்றனர் சிலர். எல்லோரும் திரும்பினால் அந்தப் பாரம் முழுவதும் அவர் மனத்தின்மீது ஏறும் என்றனர் சிலர். முடிவில் மாணவனும் இன்னொருவரும் அவருடன் இருந்தனர். ஆறு பேர் அல்மோராவை நோக்கிச் சென்றனர். அவர்களை மகிழ்ச்சியோடு போகச் சொல்வதும், எஞ்சிய இருவரை மகிழ்ச்சியோடு தம்மருகே இருக்கச் சொல்வதும் ஆகிய இரண்டு சாதனைகள் அன்று அந்த அன்பருக்கு வாய்த்தன. முதலாவது அவருக்குப் பழகியது, இரண்டாவது புதியது.

எதிர்பாராத காயம் எவருக்கும் நேரலாம். அதைத் தவிர்க்கக் கூடிய முன்னெச்சரிக்கைகளை எடுத்துக்கொள்வது கடமை. எடுத்தபின்னும் நேர்வதைத் தடுக்க எவராலும் இயலாது. அப்போது சாதகன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில கேள்விகள். என் வலியை நான் தாங்குகிறேனா, மறைக்கிறேனா? என் மௌனம் அமைதியிலிருந்து வருகிறதா, அச்சத்திலிருந்து வருகிறதா? என் மௌனத்தின் விலையை வேறு யாராவது கொடுக்கிறார்களா? நீட்டப்படும் கையை என்னால் நன்றியோடு பற்றிக்கொள்ள முடிகிறதா? இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை தேடுபவனுக்கு, முறிந்த எலும்பும் ஒரு குருவாகலாம்.

அந்த ஆண்டு காளி பூஜையின்போது அன்பரின் வலக்கை இன்னும் தூளியில்தான் இருந்தது. பரிமாற முடியாது. பாத்திரம் துலக்கவும் முடியாது. பிரசாதப் பந்தி தொடங்கியபோது, வழக்கம்போல் சுவரோரமாக ஒதுங்கி நின்றவரை மாணவன் கண்டான். ஏதும் பேசாமல் முதல் வரிசையில் ஓர் இலைத்தட்டை வைத்துவிட்டு அவரைப் பார்த்தான். அவர் சென்று அமர்ந்தார். கிச்சடிப் பிரசாதத்தை மாணவன் பரிமாறினான். இடக்கையில் கரண்டியைப் பிடித்து, ஒரு பகுதி சிந்தவும், நூறு பேர் நடுவில் அமர்ந்து அவர் உண்டார். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று அவன் கேட்டபோது, வேண்டும் என்றார்.